மைக்ரோமீட்டரை அழுத்திப் பிடிச்சா அளவு தப்பாத்தான் வரும்

ரெண்டு மாசம் முன்னாடி கம்பெனி கேன்டீன்ல மெஷின் ஷாப் பையன் ஒருத்தன் தட்டைத் தூக்கிட்டு வந்து பக்கத்துல உக்காந்தான். "சார், நீங்க விபாசனா போறவர்னு சொன்னாங்க. நான் ரெண்டு கோர்ஸ் முடிச்சேன் சார். மொத கோர்ஸ்ல எட்டாவது நாள் உடம்பு பூரா கரன்ட் ஓடுன மாதிரி இருந்துச்சு, உச்சந்தலையிலேர்ந்து கால் வரைக்கும் சர்ருனு போச்சு. ரெண்டாவது கோர்ஸ்ல பத்து நாளும் முட்டி வலி மட்டும்தான். எங்க சார் தப்பு பண்ணேன்?"ன்னு கேட்டான். சாம்பார் சாதம் ஆறிப்போற வரைக்கும் பேசிட்டு இருந்தோம், ஆனா அரை மணி லஞ்ச் பிரேக்ல என்னத்த சொல்லிட முடியும். மிச்சத்தை இங்க எழுதுறேன். நான் ஆசிரியர் கிடையாது, உக்காந்து உக்காந்து அடிபட்ட பழைய மாணவன், அவ்ளோதான்.

அவன் கேட்டது அப்படியே நான் 2013-ல கேட்ட கேள்வி. அதே வார்த்தை கூட.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. விபாசனான்னா உடம்புல வர்ற உணர்ச்சியைக் கவனிக்கற ஒரு பௌத்த தியானம், அதைச் சொல்லிக் குடுத்த ஆசிரியர்கள்ல ஒருத்தர் கோயங்கா. அவர் முறையில பத்து நாள் கோர்ஸ்ல மொத மூணரை நாள் ஆனாபானம், அதாவது மூச்சு, மூக்குக்குக் கீழ மேல் உதட்டுக்கு மேல இருக்கற அந்த சின்ன இடத்துல மட்டும் கவனம். நாலாவது நாள் மதியம் விபாசனா சொல்லித் தருவாங்க, தலை உச்சியிலேர்ந்து கால் விரல் வரைக்கும் ஒவ்வொரு பாகமா கவனத்தை நகர்த்தி அங்க என்ன உணர்ச்சி இருக்கோ அதை அப்படியே பாக்கறது. வலி, அரிப்பு, சூடு, துடிப்பு, பாரம், வேர்வை ஊர்றது, துணி படறது, எதுவா இருந்தாலும். அன்னிலேர்ந்து ஒரு நாளைக்கு மூணு தடவை ஒரு மணி நேரம் கை கால் கண் அசைக்காம உக்காரணும், அதிட்டானம்னு பேரு. நாள் ஆக ஆக கெட்டியா இருந்த வலியெல்லாம் உடைஞ்சு பொடிப்பொடியா அதிர்ற மாதிரி ஆகும் சிலருக்கு, ஆகாம போறதும் உண்டு. அந்த பொடிப்பொடி சமாச்சாரத்தைத்தான் நுண்ணிய உணர்ச்சின்னு சொல்றாங்க. உடம்பு மொத்தமும் அப்படி கரைஞ்சு போனா பழைய பௌத்த நூல்களோட மொழியான பாலியில 'பங்க'ன்னு சொல்வாங்க, நம்ம 'பங்கம்'தான், உடையறது.

எனக்கு அது ரெண்டாவது கோர்ஸ்ல ஏழாவது நாள் சாயந்திரம் 6 மணி உக்காரல்ல வந்துச்சு. முதுகே இல்லாத மாதிரி, சோடா பாட்டில் தொறந்த உடனே உள்ள நுரைக்குமே, அந்த மாதிரி ஒரு சலசலப்பு மட்டும் இருக்கு, உடம்பு எங்க முடியுது காத்து எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியல. மணி அடிச்சு எல்லாரும் எழுந்திரிச்சு போயிட்டாங்க, நான் மட்டும் கண்ல தண்ணியோட உக்காந்திருக்கேன். மனசுக்குள்ள ஒரு குரல், 'ஆயிடுச்சு, நீ வேற லெவல்'ன்னு. வீட்டுக்கு வந்து என் மனைவிகிட்ட சொன்னேன், அவ முழுசா கேட்டுட்டு "நல்லதுங்க, கேஸ் புக் பண்ணீங்களா"ன்னு கேட்டா. அப்ப கோவம் வந்துச்சு. இப்ப நெனச்சா அன்னிக்கு எனக்குக் கெடச்ச முதல் ஒழுங்கான தர்ம உபதேசம் அதுதான்.

அதுக்கப்புறம் சுமார் அஞ்சு வருஷம் அந்த சோடா நுரையைத் தேடித்தான் போனேன். தினம் காலைல ஒரு மணி, சாயந்திரம் ஒரு மணி உக்காருவேன், வெளியில பாத்தா பெரிய சாதகன், உள்ள நடந்தது வேட்டை. தலையிலேர்ந்து ஆரம்பிக்கும்போதே 'இன்னிக்கு வருமா'ன்னு ஒரு எதிர்பார்ப்பு, தோள்ல லேசா சிலிர்த்தா 'வந்துடுச்சு'ன்னு மனசு பாயும், பாஞ்ச உடனே அது காணாம போயிடும். திருக்குறள்ல 'மோப்பக் குழையும் அனிச்சம்'னு வருமே, மோந்து பாத்தாலே வாடிப்போற பூ, சரியா அதேதான். பாலியில நிலையாமைக்கு 'அனிச்ச'ன்னு பேரு, பூவுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, சத்தம் மட்டும்தான் ஒண்ணு, ஆனா எனக்கு இது ரெண்டும் மண்டைக்குள்ள ஒட்டிக்கிட்டு பிரிய மாட்டேங்குது.

இங்க என் வேலையைப் பத்தி கொஞ்சம் சொல்லியாகணும். அம்பத்தூர் எஸ்டேட்ல இன்ஸ்பெக்‌ஷன்ல இருக்கேன், 22 வருஷமா மைக்ரோமீட்டரும் கையுமா பொழப்பு, சன்னமான அளவு எடுக்கற கருவி அது. புதுசா வர்ற பசங்க எல்லாரும் ஒரே தப்பைத்தான் பண்ணுவாங்க, ஜாப்பை, அதாவது அளக்க வேண்டிய பொருளை உள்ள வச்சு, சுத்தற பிடியான திம்பிளை இறுக்கித் திருப்புவாங்க, நல்லா இறுக்கினாத்தான் கரெக்ட் ரீடிங் வரும்னு நெனப்பு. 0.01 மில்லிமீட்டர் படிக்கிற கருவி அது, நீ இறுக்கினா ஃபிரேமே லேசா விரியும், ஜாப் சன்னமா இருந்தா அதுவும் அமுங்கும், ரீடிங் தப்பு. அதுக்காகத்தான் கடைசியில ராட்செட்னு ஒண்ணு வச்சிருக்கான், மெதுவா அதைத் திருப்பினா டிக் டிக் டிக்குனு மூணு சத்தம் வரும், அதோட கையை எடுத்துடணும். அதுக்கு மேல உன் பலத்துக்கு அங்க வேலை இல்ல. இன்னொண்ணு, ஃபிரேமை ரொம்ப நேரம் உள்ளங்கையில பிடிச்சிருந்தாலே கை சூட்டுல அது நீளும், அளவு மாறிடும்.

இதைத் தினமும் பசங்களுக்குக் கத்திக் கத்தி சொல்லிக் குடுத்துட்டு, காலைல உக்காந்தா நானே திம்பிளை இறுக்கிட்டு இருந்திருக்கேன். அது எனக்கு உறைக்க 20 நாள் கோர்ஸ் போக வேண்டியிருந்துச்சு.

20 நாள் கோர்ஸ்க்கு சும்மா சேத்துக்க மாட்டாங்க, அஞ்சு பத்து நாள் கோர்ஸ் முடிச்சிருக்கணும், சதிபட்டான சூத்திரத்தை வச்சு நடத்தற கோர்ஸ் ஒண்ணு, ஒரு கோர்ஸ்ல சேவை, ரெண்டு வருஷம் விடாம தினசரி பயிற்சி, இதெல்லாம் பாப்பாங்க. நான் போனது 2019 ஆரம்பத்துல. அதுல மூணுல ஒரு பங்கு நாள் வெறும் மூச்சுதான். ஆளுக்கு ஒரு சின்ன தியான அறை, செல்னு சொல்வாங்க, நாலடிக்கு ஆறடி இருக்கும், கதவைச் சாத்தினா கும்மிருட்டு. சாயந்திரம் பழைய மாணவர்களுக்கு எலுமிச்சை தண்ணி மட்டும். பசியெல்லாம் ஒரு விஷயமே இல்ல, மூணு நாள்ல பழகிடும்.

பத்தாவது நாள் வாக்குல கவனம் ரொம்ப கூர்மையாயிடுச்சு. மேல் உதட்டுல ஊசிமுனை அளவு இடத்துல கூட தனித்தனியா துடிப்பு தெரியுது. விட்டேனா? அதை ரெண்டு புருவத்துக்கும் நடுவுல கொண்டு போய் வச்சு துளைக்க ஆரம்பிச்சேன், அங்க ஏதோ கதவு தொறக்கும்னு நெனப்பு. ரெண்டு நாள்ல நெத்தி நடுவுல ஸ்க்ரூ வச்சு முறுக்கின மாதிரி இறுக்கம், கண்ணை மூடினாலே தொடங்கிடும், சாப்பிடும்போதும் இருக்கு, படுத்தாலும் இருக்கு. கோயங்கா கதை தெரிஞ்சவங்களுக்கு இது சிரிப்பா இருக்கும். பர்மாவுல வியாபாரியா இருந்தவரு, மார்ஃபின் ஊசி போடற அளவுக்கு ஒற்றைத் தலைவலி, அதுக்காகத்தான் 1955-ல ஊ பா கின்கிட்ட போறாரு, தலைவலி போக்கறதுக்காக மட்டும்னா வராதேன்னு அவரு முதல்ல திருப்பி அனுப்பிட்டாரு. ஊ பா கின் யாருன்னா பர்மா அரசாங்கத்தோட அக்கவுன்டன்ட் ஜெனரல், கணக்கு ஆபீஸ்லயே தியானம் சொல்லிக் குடுத்தவரு. கோயங்காவுக்கு தலைவலி தியானத்துல போச்சு, எனக்கு தியானத்துல வந்துச்சு.

மதியம் 12 மணிக்கு ஆசிரியரைப் பாக்கலாம், ஆளுக்கு அஞ்சு நிமிஷம். வயசான அம்மா, ரொம்ப கம்மியா பேசுவாங்க. நான் போய் உக்காந்து எல்லாத்தையும் கொட்டினேன், நெத்தி, இறுக்கம், 2013-ல வந்த நுரை, அது திரும்பி வராதது, வந்தாலும் ஓடிப்போறது. சொல்லும்போது கொஞ்சம் பெருமையாவும் சொன்னேன், மறைக்கல. அவங்க கேட்டுட்டு, "வந்தது சரிப்பா. போனப்ப நீங்க என்ன பண்ணீங்க?"ன்னு கேட்டாங்க.

எனக்கு பதில் இல்ல. போனப்ப நான் என்ன பண்ணேன்னு எனக்கு நெஜமாவே தெரியாது, ஏன்னா போனப்ப எல்லாம் நான் அதைத் தொரத்திட்டு இருந்தேன்.

"நெத்தியை விட்டுடுங்க. உள்ளங்கை, உள்ளங்கால், அங்க மட்டும் ரெண்டு நாள் பாருங்க. பெருசா என்ன இருக்கோ அது போதும்"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. எனக்கு டிமோஷன் குடுத்த மாதிரி இருந்துச்சு. பத்தாவது வகுப்பு பையனை கூப்பிட்டு ஒண்ணாங்கிளாஸ்ல உக்கார வச்ச மாதிரி. ஆனா இறுக்கம் ரெண்டாவது நாள் சாயந்திரத்துக்குள்ள பாதி கொறஞ்சுது. இதை எழுதி வச்சுக்கோங்க, தலை, நெத்தி, நெஞ்சுல எங்கயாவது அழுத்தம் ஏறினா துளைக்காதீங்க, கவனத்தைக் கை கால் நுனிக்கு எறக்கிடுங்க, கண்ணைக் கூட கொஞ்சம் தொறந்து வச்சுக்கலாம், எழுந்து நடந்தாலும் தப்பில்ல.

அந்த கேள்வியோட செல்லுக்குத் திரும்பி வந்தேன். அதுக்கப்புறம் நடந்ததுல ஒண்ணே ஒண்ணை மட்டும் விரிவா சொல்றேன், ஏன்னா 'நுண்ணிய உணர்ச்சியை ஆராயறது'ன்னா என்னன்னு எனக்கு அங்கதான் புரிஞ்சுது.

இடது கன்னத்துல அரிப்பு. எறும்பு ஊர்ற மாதிரி. வழக்கமா 'அரிக்குது, அனிச்ச அனிச்ச'ன்னு மந்திரம் மாதிரி சொல்லிட்டு அது போறதுக்குக் காத்திருப்பேன், அது பாக்கறது இல்ல, பல்லைக் கடிச்சுட்டு பஸ்ஸுக்கு நிக்கறது. அன்னிக்கு சும்மா பாத்தேன். கிட்ட போனா அரிப்புன்னு ஒண்ணு அங்க இல்ல. குத்து குத்தா ஒரு நாலஞ்சு புள்ளி, ஒவ்வொண்ணும் கண் சிமிட்டுற நேரம்தான், நடுவுல ஒரு மெல்லிய சூடு, அப்புறம் ஒண்ணுமே இல்லாத ஒரு இடைவெளி, திரும்ப குத்து, ஆனா அரை இன்ச் தள்ளி. நெஞ்சைத் தொட்டு சொல்றேன், இதுல எதுவுமே தாங்க முடியாத விஷயம் இல்ல, தனியா எடுத்தா கன்னத்துல மழைத்துளி படறதை விட லேசு. அப்ப தாங்க முடியாதது எது? தேடினா அது கன்னத்துலயே இல்ல. வலது கை முழங்கைக்குக் கீழ சதை லேசா இழுத்துப் பிடிச்சிருக்கு, சொறியறதுக்குத் தயாரா. நாக்கு மேல் அண்ணத்துல ஒட்டி அழுத்திட்டு இருக்கு. மூச்சு பாதியில நிக்குது. அரிப்பு கன்னத்துல, அவஸ்தை மத்த இடத்துல.

அன்னிலேர்ந்து இதுதான் என் ஜீரோ எரர். எந்த கருவியையும் கையில எடுத்த உடனே மூடி வச்சு பூஜ்யத்துல நிக்குதான்னு பாக்கணும், 0.02 தள்ளி நின்னா அதை ரீடிங்லேர்ந்து கழிச்சாத்தான் சரியான அளவு. என் கருவியோட ஜீரோ எரர் நாக்கு, தாடை, புருவம், பிடிச்சு வச்ச மூச்சு. இந்த நாலுல ஏதாவது ஒண்ணு இறுகியிருந்தா அந்த நேரத்துல நான் 'பாக்கற' எதையும் நம்பறதில்ல. உங்களுக்கு வேற இடமா இருக்கும், சிலருக்கு வயிறு, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு கால் கட்டை விரல்.

ரெண்டு நாள் கழிச்சு அந்த நுரை திரும்ப வந்துச்சு, கூப்பிடாமலே, மதியத் தூக்கக் கலக்கத்துல. இந்த தடவை வந்ததை விட்டுட்டு போறதைப் பாக்க உக்காந்திருந்தேன். முதல்ல தொடையில கொஞ்சம் தடிச்சுது, அப்புறம் முதுகுல ஒரு பக்கம் மரக்கட்டை மாதிரி திரும்ப வந்துச்சு, அந்த நொடியில நெஞ்சுக்குழியில ஒரு சின்ன தவிப்பு, பிளாட்பாரத்துல ரயில் நகரும்போது ஜன்னலோரம் நிக்கிறவங்களுக்கு வருமே, அது. இத்தனை வருஷம் அது அங்கேயே இருந்திருக்கு, ஒவ்வொரு தடவையும், நான் ஒரு தடவை கூட பாத்ததில்ல. இத்தனை வருஷத்துல, இத்தனை கோர்ஸ்ல, நான் தேடின 'நுண்ணிய உணர்ச்சி'யை விட ஆயிரம் மடங்கு நுணுக்கமான சரக்கு அந்த தவிப்புதான்.

இங்க ஒரு தமிழ் சிக்கல் இருக்கு, அதையும் சொல்லிடறேன். பாலியில 'வேதனா'ன்னா எல்லா நுகர்ச்சியும், சுகம், துக்கம், ரெண்டும் இல்லாதது, மூணும். நம்ம ஊர்ல 'வேதனை'ன்னா வலி மட்டும்தான். அதனால நம்மாளுங்க வேதனையைப் பாருங்கன்னு சொன்ன உடனே முட்டி வலியைப் போய்க் கட்டிப் பிடிச்சுக்கறாங்க, சுகம் வந்தா பரிசு வந்ததா நெனச்சு ஆராயறதை நிறுத்திடறாங்க. நான் பண்ணது அதேதான். இதுக்கு மணிமேகலையில எவ்ளோ நல்ல சொல் இருக்கு பாருங்க. துக்கம் எப்படி ஒண்ணைச் சார்ந்து ஒண்ணா வருதுன்னு காட்டற பன்னிரண்டு சார்புகளைத் தமிழ்ல வரிசையா அடுக்கற இடத்துல வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்றுன்னு வரும். ஊறுன்னா தொடுகை, நுகர்வுதான் வேதனா. நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவுல ஒரு கமா போடற இடம் இருக்கு இல்ல, ஆராய்ச்சி முழுக்க அந்த கமாவுலதான். கோர்ஸ்ல தமிழ் மொழிபெயர்ப்பு கேக்கும்போது 'உணர்ச்சி'ன்னு வர்ற இடத்துலெல்லாம் இப்ப நான் மனசுக்குள்ள நுகர்வுன்னு மாத்திக்கறேன்.

மூணாவது வகை, சுகமும் இல்ல துக்கமும் இல்ல, அதுதான் ரொம்ப கஷ்டம், அதைப் பத்தி யாரும் பேசறதும் இல்ல. மஜ்ஜிம நிகாயம்னு பௌத்த உபதேசங்களோட ஒரு பாலி தொகுப்பு இருக்கு, அதுல 44-வது சூத்திரத்துல தம்மதின்னான்னு ஒரு பிக்குணி, விசாகன்னு ஒருத்தர் கேக்கற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிட்டே வருவாங்க. சுகத்துக்கு அடியில ஆசை படுத்திருக்கு, துக்கத்துக்கு அடியில வெறுப்பு, ரெண்டும் இல்லாததுக்கு அடியில அறியாமை. அதோட, சுகம் இருக்கற வரைக்கும் சுகம், மாறும்போது துக்கம். துக்கம் இருக்கற வரைக்கும் துக்கம், மாறும்போது சுகம். ரெண்டும் இல்லாதது தெரிஞ்சா சுகம், தெரியலைன்னா துக்கம். நான் இதைப் படிச்சுட்டு எழுந்து போய் தண்ணி குடிச்சேன், என் அஞ்சு வருஷத்தை ஒரே வரியில எழுதி வச்சிருக்காங்களேன்னு.

இதை எப்படி பண்றதுன்னா, உக்காரும்போது சட்டைத் துணி முழங்கைக்கு மேல படற இடம், ஒரு உதட்டு மேல இன்னொரு உதடு படற இடம், காது மடல். அங்க சுவாரசியமா எதுவும் இருக்காது. மனசு ஒரு நொடி நின்னுட்டு அடுத்த இடத்துக்கு ஓடப் பாக்கும். அந்த ஓட்டத்தைப் பிடிங்க. 'இங்க ஒண்ணும் இல்ல'ன்னு சொல்லிட்டு ஓடுதே, அதுதான் அந்த அறியாமை, பெரிய தத்துவமெல்லாம் இல்ல. ஒரு நிமிஷம் தங்கினா போதும், ஒண்ணும் இல்லாத இடத்துல ஒரு மெல்லிய வெதுவெதுப்பு தெரியும். தெரியலைன்னாலும் பரவால்ல, 'தெரியல'ங்கறதும் ஒரு ரீடிங்தான், நகர்ந்துடுங்க.

இனி கொஞ்சம் பச்சையா பேசுவோம். நுண்ணிய அதிர்வுன்னு நாம கொண்டாடறதுல பாதி நாடித்துடிப்பு. எனக்கு விரல் நுனியில, தொண்டைக்குழியில, வயித்துல 'தட் தட்'ன்னு வந்ததை ரெண்டு வருஷம் தர்ம தாது, ஏதோ பெரிய ஞான அனுபவம்னு நெனச்சிருந்தேன். உக்காந்து முடிச்ச உடனே ஒரு தடவை மணிக்கட்டுல கை வச்சுப் பாருங்க, ரெண்டும் ஒரே தாளத்துல போனா அது இதயம், அவ்ளோதான், கேவலம் ஒண்ணும் இல்ல, இதயமும் பாக்க வேண்டியதுதான், ஆனா பேரை மாத்தி வைக்காதீங்க. நான் கலாபத்தை, அதாவது பொருளோட மிகச் சின்னத் துகளைப் பாத்தேன், அணுவைப் பாத்தேன்னு சொல்றவங்களைப் பாத்தா எனக்கு ஒரு சந்தேகம், ஏன்னா தோல்ல இருக்கற நரம்பு என்ன அனுப்புதோ அதைத்தான் நாம பாக்கறோம், அது சீக்கிரம் சீக்கிரம் மாறுது, அது போதாதா?

அடுத்தது கால் மரத்துப் போறது. சம்மணம் போட்டு ரொம்ப நேரம் உக்காந்தா முட்டிக்கு வெளிப்பக்கம் கொஞ்சம் கீழ எலும்பு ஓரமா போற நரம்பு அமுங்கும். பாதம் ஜில்லுனு எறும்பு ஊர்ற மாதிரி ஆகி அப்புறம் காணாமலே போகும். நான் அதையும் பங்கம்னு நெனச்சு ரசிச்ச ஆளு. ஒரு தடவை எழுந்தா இடது பாதம் மேல தூக்க வரல, செருப்பு தரையில தேய்ஞ்சுட்டே வந்துச்சு, முழுசா சரியாக மூணு வாரம். டாக்டர், "இன்னும் கொஞ்சம் நாள் இப்படியே உக்காந்திருந்தீங்கன்னா பாதம் தொங்கியே போயிருக்கும், உங்களுக்கு யாரு சார் நாற்காலி வேணாம்னு சொன்னது"ன்னு திட்டினார். யாரும் சொல்லல, நானாத்தான். வலியைப் பொறுத்துக்கறது வேற, உணர்வே இல்லாம போறது வேற, மரத்தா காலை மாத்துங்க, அதிட்டானம் ஒண்ணும் உடைஞ்சு போயிடாது.

தூக்கம் பத்தி கண்டிப்பா சொல்லணும். 20 நாள் முடிஞ்சு வெளிய வந்தேன், பஸ் ஸ்டாண்டுல ஏர் ஹார்ன் அடிச்சான், நெஞ்சுக்குள்ள யாரோ தகரத்தைக் கிழிச்ச மாதிரி இருந்துச்சு. வீட்டுக்கு வந்து படுத்தா உடம்பு ஓஞ்சு போகல, தலையிலேர்ந்து கால் வரைக்கும் கவனம் தானா ஓடிட்டே இருக்கு, நிறுத்த முடியல. நாலு ராத்திரி ஒழுங்கா தூக்கம் இல்ல, ஃப்ரிட்ஜ் ஓடற சத்தம் கூட பல்லுல தெரியுது. அப்பவும் நான் 'ஆழமா போயிட்டு இருக்கேன்'னு சந்தோஷமா உக்காந்து இன்னும் ரெண்டு மணி நேரம் சேத்துக்கிட்டேன், முட்டாள். அஞ்சாவது நாள் என் மனைவி, "என்னங்க, கண்ணைப் பாத்தா எனக்கு பயமா இருக்கு, போதும் நிறுத்துங்க"ன்னு சொல்லி பாயைச் சுருட்டி பரண் மேல போட்டுட்டா. ஒரு வாரம் தியானம் கட். வயிறு முட்ட சாப்பாடு, மாடியில செடிக்குத் தண்ணி, அவ கூட மார்க்கெட், சாயந்திரம் ஒரு மணி நேரம் நடை. சரியாச்சு. எனக்கு ஒரு வாரத்துல போச்சு, எல்லாருக்கும் அப்படிப் போகாது. மூணு நாலு ராத்திரி தூக்கம் கெட்டா, இல்ல பயம், அழுகை, யாரோ பேசற மாதிரி கேக்கறதுன்னு எது வந்தாலும் தியானத்தை நிறுத்திட்டு ஆசிரியர்கிட்டயும் டாக்டர்கிட்டயும் ரெண்டு பேருகிட்டயும் சொல்லணும். ஃபார்ம்ல மனநலம், மருந்து பத்தி கேக்கற இடத்துல பொய் எழுதவே கூடாது, கோர்ஸ் கெடைக்காம போனாலும் பரவால்ல.

அப்புறம் இந்த ஞான வரிசை, தியானம் ஆழமாக ஆக வர்ற படிகள். விசுத்திமக்கம்ங்கற பழைய பாலி நூல்ல இருக்கு, உதயப்பய (தோன்றி மறையறது), பங்க (உடையறது), பய (பயம்), ஆதீனவ (குறை தெரியறது), நிப்பிதா (சலிப்பு)ன்னு வரிசையா. அதுலயே ஒளி, பரவசம், சாந்தி, சுகம்னு பத்து விஷயத்தைப் பட்டியல் போட்டு இதெல்லாம் அழுக்கு, வழி இல்லன்னு எழுதி வச்சிருக்காங்க, அந்தப் பத்தாவது நிகந்தி, அதாவது மத்த ஒன்பது மேலயும் வர்ற ஒட்டுதல். என் நுரை அதுல எத்தனாவதுன்னு பாக்கறதுக்காகப் படிக்க ஆரம்பிச்சவன் நான். அப்புறம் ஒவ்வொரு உக்காரலுக்கும் 'இது பய ஞானமா, இல்ல நேத்து சாப்பிட்ட பரோட்டாவா'ன்னு பலன் பாக்க ஆரம்பிச்சுட்டேன், சனிப்பெயர்ச்சிக்கு ராசி பலன் படிக்கற மாதிரி. புத்தகத்தைக் குறை சொல்லல, நடந்து முடிச்சப்புறம் திரும்பிப் பாத்தா ரொம்ப பொருந்துது. நடந்துட்டே பாத்தா கால் தடுக்குது.

மகாசின்னு பர்மாவுல வளர்ந்த இன்னொரு தியான முறையில உக்காரற ஒரு நண்பர் இருக்கார், வயிறு எழும்புது தாழுதுன்னு மனசுக்குள்ள பேர் சொல்லிட்டே பாக்கறது. அவருக்கும் எனக்கும் வருஷக்கணக்கா வாக்குவாதம். ஆனா போன தடவை அவர் சொன்னார், "எனக்கும் அதேதான், பேர் வைக்கறதுல வேகம் வந்த உடனே வேகத்து மேல ஆசை வந்துடுச்சு". முறை எதுவா இருந்தாலும் கை அழுத்தற இடம் ஒண்ணு இருக்கும் போல. ரெண்டையும் கலக்காதீங்கன்னு மட்டும் சொல்வேன், நான் 20 நாள் கோர்ஸ்ல திருட்டுத்தனமா பேர் வச்சுப் பாத்தேன், ரெண்டும் ஒழுங்கா நடக்கல.

இப்ப நான் பண்றது ரொம்ப சாதாரணம். 45 நிமிஷம், நாற்காலி. முதல்ல அஞ்சு நிமிஷம் மூச்சு. அப்புறம் உள்ளங்கையிலேர்ந்து ஆரம்பிக்கறேன், தலையிலேர்ந்து இல்ல, தலையில ஆரம்பிச்சா எனக்கு பழைய ஆள் வந்துடறான். ஒவ்வொரு பாகத்துலயும் மூணு டிக், அவ்ளோதான். நுரை வந்தா வேகமா ஒரு சுத்து போயிட்டு, உடனே திரும்ப பாகம் பாகமா கெட்டியான இடத்தைத் தேடிப் போறேன், காது பின்னாடி, இடது விலா, அந்த மாதிரி. முடிக்கும்போது நாக்கு எங்க இருக்குன்னு ஒரு தடவை பாக்கறேன். பெரும்பாலும் அண்ணத்துலதான் ஒட்டிட்டு இருக்கும், இன்னும்.

போன வாரம் காலைல அஞ்சரைக்கு கரன்ட் போயிடுச்சு. ஃபேன் நின்ன உடனே கொசு. வலது காதுகிட்ட 'ஙொய்'ன்னு சுத்துது, வந்து மடல்ல உக்காந்துச்சு, ஆறு காலும் தனித்தனியா தெரியற அளவுக்கு கவனம் நல்லா இருக்கு. சரி, கடிக்கட்டும், ஊசி எறங்கறதை இன்னிக்கு முழுசா பாத்துடலாம்னு தயாரா உக்காந்தேன். அது கொஞ்ச நேரம் நடந்துட்டு கடிக்காமலே பறந்து போயிடுச்சு. நான் ரொம்ப நேரம் அந்தக் காதுலயே நிக்கறேன், வரலையேன்னு, நெஞ்சுக்குழியில அந்த ரயில் நகர்ற தவிப்பு, ஒரு கொசுவுக்கு. சிரிப்பு வந்து கண்ணைத் தொறந்துட்டேன்.